சர்க்கரை கொடுத்து வாங்கும் தழைச்சத்து

ஜூன் முதல் வாரம். தாணே நகரின் மேற்கு விளிம்பில் யேவூர் மலைச்சரிவு காய்ந்து கிடக்கிறது. அக்டோபருக்குப் பிறகு சொல்லிக்கொள்ளும்படி ஒரு மழை இல்லை. மிதித்த இடமெல்லாம் தேக்குச் சருகு அப்பளம்போல நொறுங்குகிறது. பிற்பகலில் வானம் இருண்டு, அரை மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டு மழை ஓய்கிறது. பேருந்து நிறுத்தத்தில் ஒதுங்கி நின்றவர்கள் மூச்சை ஆழ இழுக்கிறார்கள். மண்வாசனை.

அந்த வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருளைப் பெரும்பாலும் உண்டாக்குவது ஸ்ட்ரெப்டோமைசீஸ் வகை நுண்ணுயிரிகள். மூக்குக்கு எட்டுவது அவ்வளவுதான். எட்டாமல் நடப்பது இன்னும் பெரிது. வறட்சியில் செத்த நுண்ணுயிரிகளின் உடல்களும், திடீரென்று தண்ணீர் புகுந்ததில் வெடித்த செல்களும் மண்ணுக்குள் ஒரே நாளில் விருந்தாகிவிடுகின்றன. பிழைத்துக் கிடந்தவை அதைத் தின்று பெருகுகின்றன. மண்ணிலிருந்து கார்பன் டை ஆக்சைடு குபுகுபுவென்று கிளம்புகிறது. செத்த உடல்களில் பூட்டிக் கிடந்த நைட்ரஜன் அம்மோனியமாகி, பிறகு நைட்ரேட்டாக அவிழ்கிறது. 1950களில் கென்யாவில் வேலை பார்த்த எச். எஃப். பர்ச் என்ற ஆய்வாளர், காய்ந்த மண்ணை நனைத்தும் மறுபடி காயவைத்தும் இதை விரிவாகப் பதிவு செய்தார். மண்ணியலில் இதற்கு இன்றும் பர்ச் விளைவு என்றுதான் பெயர்.

நைட்ரேட்டிடம் ஒரு தொல்லை உண்டு. அதன் மின்னூட்டம் எதிர்மறை. களிமண் துகள்களின் மேற்பரப்பும் பெரும்பாலும் அப்படியே. ஆகவே மண் அதைப் பிடித்து வைக்காது. தண்ணீர் போகும் வழியில் அதுவும் போய்விடும். நான்கே மாதத்தில் ஏறத்தாழ 2,500 மில்லிமீட்டர் மழை பெறும் தாணேயில் தண்ணீர் எங்கே போகும் என்று சொல்லவேண்டியதில்லை. முதல் மழையில் அவிழ்ந்த நைட்ரஜன் கடலுக்குப் போகுமா, மரத்துக்குள் போகுமா என்பது அந்த வாரத்தில் சல்லிவேர்கள் விழித்திருக்கின்றனவா என்பதைப் பொறுத்தது. யேவூர்க் காட்டின் குசும் மரம் மார்ச், ஏப்ரல் வெயிலிலேயே செந்தளிர் விட்டு நிற்கிறது. மழை வரும்போது அதன் இலைகள் முழுவேகத்தில் சர்க்கரை சமைத்துக்கொண்டிருக்கும். வேர்களுக்கும் கூலி கிடைத்துக்கொண்டிருக்கும். அதே நாளில் பாலித்தீன் பையிலிருந்து பிரித்து நட்ட கன்றுக்கு வேர் ஒரு சாண்கூட ஓடியிருக்காது.

மகாராஷ்டிர அரசு 2016 ஜூலை 1 அன்று ஒரே நாளில் 2 கோடி கன்றுகள் நடும் இயக்கத்தை நடத்தியது. அடுத்தடுத்த ஆண்டுகளின் இலக்கு 4 கோடி, 13 கோடி, 33 கோடி என்று ஏறியது. நட்டவை எத்தனை, பிழைத்தவை எத்தனை, தண்டின் சுற்றளவு எவ்வளவு என்றெல்லாம் பதிவேட்டில் எழுதுவார்கள். எல்லாமே தரைக்கு மேலே கண்ணுக்குத் தெரியும் கணக்கு. தோப்பு தன் மண்ணை வளமாக்குகிறதா, உறிஞ்சித் தீர்க்கிறதா என்ற கணக்கைத் தரைக்குக் கீழே வேர்கள் நடத்துகின்றன. கார்பனும் நைட்ரஜனும் அங்கே ஒரே வரவுசெலவின் இரண்டு பக்கங்கள். ஒன்றைக் கொடுக்காமல் மற்றதை எடுக்க முடியாது.

கொடுக்கல் வாங்கல் எப்படி நடக்கிறது? காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான். ஆனால் அதன் இரண்டு அணுக்களும் மூன்று பிணைப்புகளால் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருப்பதால் மரத்துக்கு அது உதவாது. மண்ணிலும் நைட்ரஜன் இருக்கிறது. பெரும்பகுதி மக்குக்குள் சிக்கிக் கிடக்கிறது. உழவர்கள் அதைத் தழைச்சத்து என்பது பொருத்தமான பெயர். தழையிலிருந்து வந்தது, தழைக்கவைப்பது. மக்கை உடைத்து அதை எடுக்கும் நொதிகள் நுண்ணுயிரிகளிடம் உண்டு. ஆனால் வேலை செய்ய அவற்றுக்குச் சக்தி வேண்டும். சர்க்கரை மரத்திடம் இருக்கிறது. சந்தை கூடுவதற்கு இது போதும்.

வேர் தன் நுனியிலும் தூவிகளிலும் சர்க்கரை, அமினோ அமிலம், கரிம அமிலம் என்று பலவற்றைக் கசியவிடுகிறது. அதை நம்பி நுண்ணுயிரிகள் மொய்க்கும் மெல்லிய மண்வளையத்துக்கு 1904இல் லோரென்ஸ் ஹில்ட்னர் என்ற ஜெர்மானியர் தனிப்பெயர் வைத்தார். தமிழில் வேர்மண்டலம் என்கிறோம். சர்க்கரை தின்ற பாக்டீரியாவுக்கு உடல் வளர்க்க நைட்ரஜன் வேண்டும்; அதற்காகப் பக்கத்திலுள்ள பழைய மக்கைக் குடைகிறது. அந்தப் பாக்டீரியாவை அமீபா போன்ற ஓரணு உயிரிகளும் நூற்புழுக்களும் மேய்கின்றன. மேய்ந்ததில் தங்களுக்கு மிஞ்சிய நைட்ரஜனை அம்மோனியமாகக் கழிக்கின்றன. அது வேரின் வாசலிலேயே விழுகிறது. கொடுத்த சர்க்கரைக்குத் தழைச்சத்து இப்படித்தான் திரும்பி வருகிறது.

இந்தச் சந்தை எவ்வளவு பெரியது என்பதை 2001இல் வெளியான ஒரு சோதனை காட்டியது. வடக்கு ஸ்வீடனின் பைன் காட்டில் பீட்டர் ஹாக்பெர்க் குழுவினர் மரங்களின் பட்டையை வளையமாக உரித்துவிட்டார்கள். இலையில் சமைத்த சர்க்கரை உள்பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்கும். பட்டை போனால் வேர் பட்டினி. ஒன்றிரண்டு மாதங்களுக்குள் அந்த மண் வெளியிட்ட கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ 54 விழுக்காடு குறைந்தது. பழைய சருகு மக்குவதால்தான் காட்டுமண் மூச்சு விடுகிறது என்று எண்ணிவந்தவர்களுக்கு, அந்த மூச்சில் பாதிக்கு மேல் சில நாள் முந்தைய வெயிலில் இலை சமைத்த சர்க்கரை என்று தெரியவந்தது.

வேரோடு கூடிவாழும் பூஞ்சைகளின் பங்கும் சிறிதல்ல. பூஞ்சை இழையின் தடிமன் சில மைக்ரான்தான்; வேர் நுழைய முடியாத மண்துளைக்குள் அது நுழைந்து நைட்ரஜனும் மணிச்சத்தும் திரட்டிவரும். உலகத் தாவரங்கள் இந்தப் பூஞ்சைகளுக்கு ஆண்டுதோறும் கொடுக்கும் கார்பன், கார்பன் டை ஆக்சைடாகக் கணக்கிட்டால், சுமார் 1,312 கோடி டன் என்று 2023இல் ஒரு மதிப்பீடு வந்தது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து மனிதர்கள் ஆண்டுதோறும் வெளியிடுவதில் இது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

கொடுத்த கார்பன் எல்லாம் மண்ணில் தங்கிவிடாது. பெரும்பகுதி மூச்சாகிப் போகும். தங்குவதில் வேரின் பங்கு இலையை விட அதிகம். இலை தரைக்கு மேலே விழுந்து, வெயிலிலும் தீயிலும் கறையானிலும் பாதி தீர்ந்துபோகிறது. வேர் சாகும் இடமே மண்துகள்களின் நடுவே. வேரிலிருந்து வந்த கார்பன் தண்டு, இலையிலிருந்து வந்ததைப் போல் ஏறத்தாழ 2.4 மடங்கு காலம் மண்ணில் தங்குகிறது என்று 2005இல் டானியல் ராஸும் அவருடைய கூட்டாளிகளும் கணக்கிட்டார்கள். தாணே மலைகள் தக்காண எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறை. அது சிதைந்த செம்மண்ணில் இரும்பு ஆக்சைடு நிறைய. மக்கிய பொருளை அது பசைபோலப் பற்றிக்கொள்ளும். ஆனால் வேர் கசியவிடும் ஆக்சாலிக் அமிலமே அந்தப் பற்றை இளக்கவும் செய்யும். சேர்ப்பதும் கரைப்பதும் ஒரே வேர்தான். எது மிஞ்சும் என்பது மரத்துக்கு மரம் மாறுகிறது.

தேக்கிலிருந்து தொடங்கலாம். யேவூர்ச் சரிவில் கண்ணில் அதிகம் படும் மரமும், பிரிட்டிஷ் காலத்திலிருந்து இந்தியத் தோப்புக்காரர்கள் ஓயாமல் நட்டுவரும் மரமும் அதுதான். கேரளத்தின் நிலம்பூரில் கலெக்டர் கொனலியும் சாத்து மேனனும் 1840களில் நட்ட தேக்குகளில் சில இன்றும் நிற்கின்றன. தேக்கு கணக்குப் பார்த்துச் செலவழிக்கும் மரம். இலை உதிர்வதற்கு முன்பே அதிலுள்ள நைட்ரஜனில் ஏறத்தாழ பாதியைத் தண்டுக்கும் வேருக்கும் திருப்பி எடுத்துக்கொள்ளும். கீழே விழும் சருகில் கார்பன் மிகுதி, நைட்ரஜன் சொற்பம். அதைத் தின்னும் நுண்ணுயிரி, பற்றாத நைட்ரஜனை மண்ணிலிருந்து கடன் வாங்குகிறது. தேக்குத் தோப்பில் சருகு மெத்தையாகக் கிடந்தும் மண்ணில் தழைச்சத்து சில மாதங்கள் குறைந்தே இருப்பது இதனால்தான்.

அந்தச் சிக்கனத்தை ஒரு புழு கெடுக்கிறது, நல்லபடியாகவே கெடுக்கிறது. மழைக்காலத்தில் தேக்கின் இளம் இலைகளைப் புழுக்கள் மொத்தமாக மேயும். பின்பருவத்தில் வரும் இன்னொரு வகை, நரம்பை மட்டும் விட்டுவைத்து இலையைச் சல்லடையாக்கும். அந்த நாட்களில் மரத்தடியில் நின்றால், தூறல் இல்லாத வேளையிலும் சருகின்மேல் சரசரவென்று தூறும் சத்தம் கேட்கும். உதிர்வது புழுவின் எச்சம், கடுகு கடுகாக. மரம் திருப்பி எடுத்துக்கொள்ள நேரமில்லாமல் போன பச்சை இலையின் நைட்ரஜன் அதில் இருக்கிறது. மழையில் நனைந்து சில நாட்களில் கரைந்துவிடும். அப்போது சல்லிவேர்களும் சுறுசுறுப்பான பருவத்தில் இருப்பதால் பெரும்பங்கு மறுபடி மரத்துக்கே போய்ச் சேரும்.

தீ அப்படி விடாது. சருகு எரிந்தால் சாம்பல்சத்தும் சுண்ணாம்பும் சாம்பலில் தங்கும். நைட்ரஜனில் பெரும்பகுதி வாயுவாகப் பறந்துவிடும். இதைக் கேட்டால் தாணே வட்டாரத்தின் பழைய நெல் விவசாயிகள் புன்னகைப்பார்கள். அவர்கள் வேண்டுமென்றே எரித்தவர்கள். ‘ராப்’ என்று அதற்குப் பெயர். மழைக்கு முன், ஐன் என்று மராத்தியர் சொல்லும் கருமருது போன்ற மரங்களின் கிளைகளை வெட்டி, சாணம், காய்ந்த புல்லோடு நாற்றங்காலில் பரப்பி, மேலே மண்ணைத் தூவிப் புகைய எரிப்பார்கள். ராப் போடாத நாற்றங்கால் நாற்றங்காலே இல்லை என்பது இங்கே பல தலைமுறைப் பேச்சு. 1878 வனச்சட்டத்துக்குப் பிறகு கிளை வெட்டக் கட்டுப்பாடுகள் வந்தபோது தாணே, கொலாபா மாவட்டங்களில் கொந்தளிப்பு எழுந்தது. அரசு அமைத்த பம்பாய் வன ஆணையம் 1887இல் அறிக்கை தந்தது. வாதத்தின் நடுவே இருந்தது ராப்தான். ‘நல்ல எருவை எரித்து வீணாக்குகிறார்கள்’ என்று வனத்துறையினர் சிலர் சொன்னார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புனே வேளாண் கல்லூரியின் ஹெரால்ட் மான் போன்றவர்கள் சோதனைக்கூடத்தில் ஆராய்ந்தபோது விவசாயிகளின் கட்சிக்கு வலு கூடியது. தழையின் நைட்ரஜன் புகையில் போவது உண்மை. ஆனால் சூடு மேல்மண்ணின் நுண்ணுயிரிகளைக் கொன்று, மக்கை இளக்கி, மண்ணில் ஏற்கெனவே பூட்டிக்கிடந்த நைட்ரஜனை நாற்றுக்கு அவிழ்த்துவிடுகிறது. களைவிதைகளும் செத்துப்போகின்றன. சாம்பல் மற்றச் சத்துக்களைக் கொடுக்கிறது. யேவூரில் முதல் மழை செய்யும் வேலையை நாற்றங்காலில் நெருப்பு செய்துவைக்கிறது.

கிளை வெட்டப்பட்ட மரத்துக்கு அடியில் என்ன நடந்தது என்று அந்த வாதத்தில் யாரும் பெரிதாகப் பேசவில்லை. இலை போனதும் சர்க்கரை வரத்து நிற்கும். சில வாரங்களில் சல்லிவேர்களில் ஒரு பகுதி செத்துப்போகும். தளிர் வந்தபின் மறுபடி முளைக்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் மண் ஒரு தவணை வேர்மக்கைப் பெறுகிறது. இன்று இந்த உத்தியைத் தெரிந்தே பயன்படுத்தும் இடம் கிளைரிசிடியா வரிசைகள்.

மும்பை, தாணே, புனே வட்டாரத்தின் மொட்டைக் குன்றுகளைப் பச்சையாக்க நட்ட மரங்களில் கிளைரிசிடியாவுக்குப் பெரிய இடம் உண்டு. மராத்தியில் கிரிபுஷ்பம். எலிக்கு நஞ்சு என்பதால் உந்தீர்மாரி என்றும் சொல்வார்கள். மத்திய அமெரிக்காவிலிருந்து வந்தது. கோடைக்கு முன் இலையுதிர்த்து இளஞ்சிவப்புப் பூவாய் நிற்கும்போது மும்பை ரயிலின் ஜன்னலிலிருந்தே அடையாளம் தெரியும். இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கும் பசுந்தாளுக்கும் இதை வளர்த்தார்கள். பின்னால் தேயிலை, ரப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது தோட்டப்பயிராகவே இலங்கை அரசு அதை அங்கீகரித்தது. குச்சியை வெட்டி ஊன்றினால் போதும், வேர்பிடித்துவிடும்.

ஜூலையில் ஓர் இளங்கிளைரிசிடியாவின் அடியில் களைக்கொத்தால் மெல்லக் கிளறிப் பார்த்தால் சல்லிவேர்களில் கேழ்வரகும் மிளகுமாக உருண்டைகள் ஒட்டியிருக்கும். ஒன்றைக் கிள்ளி நகத்தால் பிளந்தால் உள்ளே வெட்டிய கொய்யாவைப்போல இளஞ்சிவப்பு. பச்சையாகவோ சாம்பலாகவோ இருந்தால் அந்த முடிச்சு ஓய்ந்துவிட்டது என்று பொருள். இளஞ்சிவப்புக்குக் காரணம் லெக்ஹீமோகுளோபின், நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவுக்காரப் புரதம். காற்றின் நைட்ரஜனைப் பிளக்கும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். அந்த நொதியை வைத்திருக்கும் ரைசோபியம் பாக்டீரியாவோ ஆக்சிஜன் இல்லாமல் வாழாது. இரண்டுக்கும் நடுவே நின்று ஆக்சிஜனைச் சொட்டுச் சொட்டாக அளந்து ஊட்டுவது இந்தச் சிவப்புப் புரதம். முடிச்சுக்குள் காற்றின் நைட்ரஜன் பிடிபடுகிறது என்பதை 1886இல் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் ஜெர்மனியில் நிரூபித்தார்கள்.

இதுவும் இலவசமல்ல. ஒரு கிராம் நைட்ரஜனுக்கு மரம் சுமார் 6 கிராம் கார்பனைச் செலவிடுகிறது. ஆனால் மேல்மண் அரித்துப்போன பாறைச்சரிவில் குடைவதற்கு மக்கே இல்லை. காற்றிலிருந்து வாங்குவதுதான் ஒரே வழி. கிளைரிசிடியாவின் இலையில் உலர் எடையில் 3 விழுக்காட்டுக்கு மேல் நைட்ரஜன். விழுந்த சில வாரங்களில் காணாமல் போய்விடும். வெட்டிப் போட்டால் இலையும் சாகும் முடிச்சுகளும் சேர்ந்து மண்ணுக்கு இரட்டை வரவு. மொட்டைச் சரிவுக்கு முதல் மண்ணைச் சேர்க்க இதைவிடத் தோதான மரம் குறைவு.

தொல்லை அதற்குப் பிறகு வருகிறது. ஒரே மரம் குன்று முழுதும் நின்று, யாரும் தழையை எடுக்காமல், வேறு மரமும் புல்லும் அடியில் வளராமல் போனால், வரும் நைட்ரஜனை வாங்கிக்கொள்ள ஆளில்லை. மிஞ்சியது நைட்ரேட்டாகி மழையோடு ஓடுகிறது. ஓடும்போது சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் இழுத்துக்கொண்டு போவதால் மண் புளித்துப் போகிறது. ஈரம் கட்டிய இடத்தில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாகிறது. அது எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைப்போல் 273 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும் வாயு. புனேயின் டேக்டிகளில், அதாவது நகரக் குன்றுகளில், கிளைரிசிடியாவுக்கு எதிராக இயற்கை ஆர்வலர்கள் பல்லாண்டாகப் பேசிவருவது பெரும்பாலும் பறவைக்கும் புல்லுக்கும் நாட்டு மரத்துக்குமாக. மண்ணின் கணக்கும் அவர்கள் பக்கம்தான் நிற்கிறது. முதல் பத்தாண்டு முடிந்ததும் நடுநடுவே கருமருதும் குசுமும் புகவேண்டும். வேறு ஆழத்தில் வேர்விட்டு, வேறு மாதத்தில் பசித்து, மிஞ்சும் நைட்ரேட்டைப் பிடிக்கும் மரங்கள் அவை.

பிடிக்க வேர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஹப்பர்ட் புரூக் காட்டில் நடந்த சோதனை சாட்சி. 1965 குளிர்காலத்தில் ஒரு சிறு நீர்ப்பிடிப்பின் மரங்கள் முழுவதையும் வெட்டி, மறுபடி எதுவும் துளிர்க்காதபடி களைக்கொல்லி தெளித்தார்கள். சருகு வழக்கம்போல மக்கியது. வாங்க வேர் இல்லை. ஓடைநீரில் நைட்ரேட் 40 மடங்குக்கும் மேல் ஏறியது.

தமிழ்நாட்டில் இதைச் செய்ய ஒரு புயல் வந்தது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூரைத் தாக்கிய தானே புயலுக்கும் தாணே நகருக்கும் பெயர்தான் ஒன்று. அந்தப் பெயரைக் கொடுத்தது மியான்மர். பண்ருட்டி வட்டாரத்தின் முந்திரியும் பலாவும், கரையோரச் சவுக்கும் ஓரிரவில் சாய்ந்தன. சாய்ந்த மரத்துக்குத்தான் இழப்பீடு கணக்கிடப்பட்டது. வேர் செத்த மணல் அடுத்த பருவங்களில் எவ்வளவு தழைச்சத்தை இழந்திருக்கும் என்பது எந்தப் படிவத்திலும் வராத இழப்பு.

சவுக்கு தனிக்கதைக்கு உரிய மரம். 2014 ஆகஸ்ட் 1 அன்று பால்கர் தனி மாவட்டமாகும்வரை வசாய், அர்னாளா கடற்கரைகள் தாணே மாவட்டம்தான். அங்கே மராத்தியர் சுரு என்று அழைக்கும் சவுக்குத் தோப்புகளும், கடலூரிலிருந்து கல்பாக்கம்வரை தமிழர் அறிந்த சவுக்குத் தோப்புகளும் ஒரே வித்தையைச் செய்கின்றன: மக்கே இல்லாத மணலில் செழிப்பது. சவுக்கு அவரைக் குடும்பமல்ல. அதன் வேரில் முடிச்சுப் போடுவது ஃபிராங்கியா என்ற வேறொரு நுண்ணுயிரி. முடிச்சும் உருண்டையாக இராது. கிளைகிளையாகப் பிரிந்து பவழக்கொத்துப்போல மரத்தன்மையோடு ஆண்டுக்கணக்கில் நிற்கும். சவுக்கின் ஊசிச் சருகு மெதுவாகத்தான் மக்கும். அதுவே மணலுக்கு நல்லது. வெறும் மணலில் முதல் கறுப்புப் படலம் அப்படித்தான் சேர்கிறது. கரையோரக் கிராமங்களில் அந்தச் சருகைக் கூட்டி அடுப்புக்கு எடுத்துப்போவது வழக்கம். எடுப்பவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அடுப்பு எரியவேண்டும். ஆனால் சருகும் போய், ஐந்தாறு ஆண்டில் மரமும் போய், வேர்க்கட்டையையும் தோண்டி விறகாக்கினால், ஃபிராங்கியா சேர்த்ததில் மணலுக்கு மிஞ்சுவது அற்பம். வேர்க்கட்டையை மட்டுமாவது விட்டுவைத்தால் அடுத்த நடவுக்கு முடிச்சு போட நுண்ணுயிரியும் அங்கேயே காத்திருக்கும்.

மலையும் மணலும் போக, தாணேக்கு மூன்றாவது வகைத் தோப்பு ஒன்று இருக்கிறது. தாணே கழிமுகத்தின் இரு கரைகளிலும் அலையாத்திகள். விக்ரோலியில் கோத்ரெஜ் நிறுவனம் பல்லாண்டாகக் காத்துவரும் காடு புகழ்பெற்றது. 2005இல் பம்பாய் உயர் நீதிமன்றம் மாநிலம் முழுதும் அலையாத்தி அழிப்புக்குத் தடை விதித்தது. 2012இல் வனத்துறை அலையாத்திக்கென்றே தனிப்பிரிவு தொடங்கியது. 2015 ஆகஸ்டில் 1,690 ஹெக்டேர் பரப்பு பூநாரைச் சரணாலயமானது. 2022இல் கழிமுகம் ராம்சார் தலமானது. இங்கே மிகுந்திருப்பது வெண்கண்டல், மராத்தியில் திவர். சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக நீட்டிக்கொண்டு நிற்கும் மூச்சுவேர்களைப் பிச்சாவரம் போனவர்களும் பார்த்திருப்பார்கள்.

நீர் வற்றிய வேளையில் அந்தச் சேற்றை ஒரு கைப்பிடி எடுத்துப் பிட்டால் அழுகிய முட்டை நாற்றம். மேலே சில மில்லிமீட்டருக்குக் கீழே ஆக்சிஜன் கிடையாது. நிறம் கறுப்பு. ஆனால் உயிருள்ள சல்லிவேர் ஓடும் வழியைச் சுற்றி மட்டும் செங்கல் நிறத்தில் மெல்லிய உறை. துரு. மூச்சுவேர் மேலே இழுத்த காற்று உள்ளறைகள் வழியாக இறங்கி, வேரின் தோல் வழியே சேற்றுக்குக் கசிந்து, அங்குள்ள இரும்பைத் துருவாக்கியிருக்கிறது. அந்தத் துரு உறைக்குள் அம்மோனியம் நைட்ரேட்டாகிறது. அதே நைட்ரேட் ஓரிரு மில்லிமீட்டர் தள்ளிக் கறுப்புச் சேற்றுக்குள் போனதும், ஆக்சிஜன் கிடைக்காத பாக்டீரியாக்கள் அதற்குப் பதிலாக நைட்ரேட்டைக் கொண்டே மூச்சுவிட்டு அதை நைட்ரஜன் வாயுவாக்கி ஆகாயத்துக்கு அனுப்பிவிடுகின்றன. சுற்றியுள்ள நகரங்களின் சாக்கடை வந்து சேரும் கழிமுகத்தில் ஒவ்வொரு வேரும் ஒரு சிறு சுத்திகரிப்பு ஆலை. அப்படியும் தீராமல் நீரில் மிஞ்சும் தழைச்சத்தில் நீலப்பச்சைப் பாசி செழிக்கிறது. சிறிய பூநாரை வடிகட்டித் தின்பது அந்தப் பாசியைத்தான்.

கார்பன் கணக்கில் அலையாத்திக்கு நிகர் கிடையாது. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் செத்த வேர் மக்க வழியில்லை. வேர்மேல் வேராக அடுக்கிக்கொண்டே போகிறது. இந்து, பசிபிக் பெருங்கடல் பகுதியின் அலையாத்திக் காடுகளை அளந்த 2011ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, சராசரியாக ஹெக்டேருக்கு 1,023 டன் கார்பன் என்றது. அதில் குறைந்தது பாதி மண்ணில். மரத்தை வெட்டினால் மரத்தின் கார்பன் போகும். சேற்றைக் கிளறிக் காற்றுப் படவிட்டால் பல நூறு ஆண்டு வேர்களின் சேமிப்பு புகையாகிவிடும். நெடுஞ்சாலைத் தூணுக்கும் மின்கோபுரத்துக்கும் கழிமுகச் சேற்றைத் தோண்டிவிட்டு, ஈடாக வேறெங்கோ கன்று நட்டோம் என்று சொல்வது ஒருபோதும் ஈடாகாது. புதுக்கன்றின் வேருக்கு அந்த ஆழத்தை எட்ட மனித ஆயுள் போதாது.

நகரத்தின் நடுவே வேர்களின் வேலையைக் காண விரும்புகிறவர்கள் தாராவிக்குப் போகலாம். மித்தி ஆற்றங்கரையில், சயான் - பாந்த்ரா இணைப்புச் சாலையை ஒட்டி, சுமார் 15 ஹெக்டேரில் மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா இருக்கிறது. ஒரு காலத்தில் அது மும்பையின் குப்பைமேடு. 1983இல் பறவையியலாளர் சாலிம் அலி அங்கே முதல் கன்றை நட்டார். 1994 ஏப்ரல் 22 அன்று மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். குப்பைமேட்டின் சிக்கல் மொட்டைக் குன்றுக்கு நேர்மாறானது. தழைச்சத்து தேவைக்கு மேல் இருக்கும், காற்று இராது. மக்கும் குப்பை ஆக்சிஜனைத் தின்று மீத்தேனையும் அம்மோனியாவையும் கக்கும். அப்படிப்பட்ட இடத்தில் வேர் முதலில் செய்யும் வேலை வழி திறப்பது. செத்த வேர் விட்டுப்போன குழாய்கள் வழியாகக் காற்று இறங்கும், மழை இறங்கும், மண்புழு இறங்கும். நாற்பது ஆண்டில் அங்கே நிழலில் நடப்பவர்களின் காலுக்குக் கீழே இருப்பது வேர்கள் உண்டாக்கிய மண்.

மாட்டுங்காவின் ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் நிலைமை வேறு. தூங்குமூஞ்சி மரங்கள் தெருவின் இரு பக்கமும் கைகோத்து நிற்கின்றன. கிளைரிசிடியாவைப்போல அதுவும் வேர்முடிச்சுள்ள மரம். ஆனால் அடிமரம்வரை நடைபாதைக் கல் பாவிய இடங்களில் விழும் இலை ஒவ்வொரு காலையும் துடைப்பத்தோடு போய், செம்பூர் தாண்டி தேவ்னார்க் குப்பைமேடுவரை பயணம் செய்த காலம் உண்டு. மரத்தின் தழைச்சத்து மரத்துக்குக் கிடைக்காமல் அங்கே மலையாகக் குவிந்தது. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் மண்ணைத் திறந்துவிட்டு, கூட்டிய இலையை அங்கேயே போட்டால் போதும். செலவென்று எதுவும் இல்லை.

தரைக்குக் கீழே உள்ளதை எப்படி அளப்பது என்பது நியாயமான கேள்வி. ஐசோடோப்பு கருவிகள் உள்ள ஆய்வகங்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். கல்லூரி மாணவர்களே செய்யக்கூடிய எளிய முறை ஒன்று உண்டு. இரண்டு மில்லிமீட்டர் கண்ணுள்ள நைலான் வலையைப் பையாகத் தைத்து, அதே இடத்து மண்ணைச் சலித்து வேரில்லாமல் நிரப்பி, ஜூனில் ஒரு சாண் ஆழத்தில் புதைத்து, மேலே ஒரு கல்லை அடையாளம் வைக்கவேண்டும். தேக்கடியில் ஒன்று, கிளைரிசிடியா அடியில் ஒன்று, இரண்டும் கலந்து நிற்கும் இடத்தில் ஒன்று. மழை முடிந்து அக்டோபரில் தோண்டினால் பை சுலபமாக வராது. நான்கு மாதத்தில் வலைக்கண் வழியே நுழைந்த சல்லிவேர்கள் அதை நாலாபுறமும் பிடித்து வைத்திருக்கும். பையின் வெளிப்புறத்தை ஒட்டிக் கத்தரியால் வெட்டித்தான் எடுக்கவேண்டும். பிறகு வாளித் தண்ணீரில் மண்ணைக் கரைத்து, மாவுச்சல்லடையில் வேரை அள்ளி, வெள்ளைத்தட்டில் பரப்பினால் பழுப்பு, வெளிர்மஞ்சள், நடுநடுவே இன்னும் இளஞ்சிவப்பாய்ச் சில முடிச்சுகள். உலர்த்தி எடைபோட்டு, அந்த எண்ணைக் கன்றுகளின் பதிவேட்டில் சுற்றளவுக்குப் பக்கத்துக் கட்டத்தில் எழுதலாம்.